சிஇஓ சம்பளம்: எவ்வளவுன்னு பார்த்தாச்சு, எப்போ கைக்கு வருதுன்னு பார்த்தீங்களா?



வருஷா வருஷம் ஜூலை, ஆகஸ்ட் வந்தா கம்பெனிகளோட ஆண்டறிக்கை வெளிவரும். அதோடயே "இந்த சிஇஓவுக்கு இத்தனை கோடி சம்பளம்"னு செய்திகளும் வரிசையா வரும். நாமளும் அதை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்ட் பண்ணுவோம். நமக்குப் போட்ட இன்க்ரிமென்ட்டோட ஒப்பிட்டு ரெண்டு ஸ்மைலி போடுவோம். அப்புறம் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவோம்.

அந்தச் செய்திகள்ல தொகை மட்டும்தான் தலைப்பா வரும். அந்தத் தொகை எந்த வடிவத்துல, எந்தத் தேதியில அவர் கைக்குப் போகுதுங்கிறது ஆண்டறிக்கையோட ஏதோ ஒரு பின்பக்க அட்டவணையில் பொடி எழுத்துல இருக்கும். முதலீட்டாளரா நமக்கு உபயோகமான தகவல் அதுதான். இந்தப் பதிவுல அதைப் படிக்கக் கத்துக்கலாம். வீடியோல மேலோட்டமா சொன்ன சில கணக்குகளை இங்க முழுசா போட்டிருக்கேன்.

"நான் ஷேரே வாங்குறதில்லையே, எனக்கு எதுக்கு?"

மாசம் ஒரு எஸ்ஐபி போகுதா? அப்போ உங்களுக்கு இது தேவை. எஸ்ஐபி இல்லையா? சரி, சம்பளத்துல பிஎஃப் பிடிக்கிறாங்கல்ல? ஈபிஎஃப்ஓ 2015 ஆகஸ்ட்ல இருந்து நிஃப்டி 50, சென்செக்ஸ் இடிஎஃப்கள்ல பணம் போடுது. ஆரம்பத்துல புதுசா வர்ற பணத்துல 5 சதவீதம், அப்புறம் படிப்படியா 15 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க. அதாவது உங்களுக்குத் தெரிஞ்சோ தெரியாமலோ நாட்டோட பெரிய கம்பெனிகள் எல்லாத்துலயும் நீங்க ஒரு குட்டிப் பங்குதாரர்.

இப்போ காலக்கணக்கைப் பாருங்க. உங்களுக்கு 25 வயசு, 58-ல ரிட்டயர் ஆகப்போறீங்கன்னா அந்தப் பணம் 33 வருஷம் உள்ள இருக்கணும். ஆனா நம்ம கம்பெனிகள் சட்டப்படி ஒரு எம்டியை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 வருஷத்துக்குத்தான் நியமிக்க முடியும். அவரோட போனஸ் பெரும்பாலும் அந்த ஒரு வருஷத்து லாபத்தைப் பார்த்துப் போடப்படுது. உங்க பணத்துக்கு 33 வருஷ ஓட்டம், அந்தப் பணத்தை வச்சு முடிவு எடுக்கிறவருக்கு 1 வருஷ ஓட்டம். ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் போறீங்க. ஆனா அவர் அடுத்த ஸ்டாப்ல இறங்கிடலாம்.

இதனால உண்மையிலேயே என்ன கெட்டுப்போகுதுன்னு கேட்டா, அதுக்கு பழைய ஆனா இன்னைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுற ஒரு ஆய்வு இருக்கு. 2005-ல கிரகாம், ஹார்வி, ராஜ்கோபால்னு மூணு பேராசிரியர்கள் அமெரிக்காவுல 400-க்கும் மேற்பட்ட நிதி அதிகாரிகளிடம் ஒரு சர்வே எடுத்தாங்க. "இந்தக் காலாண்டு லாப இலக்கைத் தொட முடியாது போலிருக்கு, என்ன செய்வீங்க?" சுமார் 80 சதவீதம் பேர் ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்பு மாதிரி செலவுகளைக் குறைப்போம்னு சொன்னாங்க. பாதிக்கும் மேல, 55 சதவீதம் பேர், நல்ல புது ப்ராஜெக்ட்டா இருந்தாலும் கொஞ்சம் தள்ளிப்போடுவோம்னு சொன்னாங்க. இதுல திருட்டு, கணக்கு மோசடி எதுவும் இல்லை. எல்லாமே சட்டப்படி சரி. மெஷினுக்கு சர்வீஸ் பண்றதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டா இந்த வருஷ லாபம் கூடும், அந்த மெஷின் நிக்கிறது அடுத்த சிஇஓ காலத்துலதான்.

இபிஎஸ் வித்தை

போனஸ் இலக்கா பல கம்பெனிகள் வைக்கிறது இபிஎஸ், அதாவது ஒரு ஷேருக்கு எவ்வளவு லாபம்ங்கிற கணக்கு. இதை எப்படி வளைக்கலாம்னு சின்ன உதாரணம் பார்ப்போம்.

ஒரு கம்பெனியோட லாபம் 100 கோடி ரூபாய். மொத்தம் 10 கோடி ஷேர். இபிஎஸ் 10 ரூபாய். அடுத்த வருஷமும் லாபம் அதே 100 கோடிதான், ஒரு பைசா கூடல. ஆனா கம்பெனி கையில இருந்த பணத்தை வச்சு 1 கோடி ஷேரை பைபேக் பண்ணிடுச்சு. இப்போ மீதி 9 கோடி ஷேர். இபிஎஸ் 11 ரூபாய் 11 பைசா. வளர்ச்சி 11 சதவீதம்! "இபிஎஸ் 10 சதவீதம் வளர்ந்தா முழு போனஸ்"னு ஒப்பந்தம் இருந்தா, சிஇஓவுக்கு முழு போனஸ்.

பைபேக்கே தப்புன்னு நான் சொல்ல வரல. ஷேர் விலை மலிவா இருந்து, கையில உபரிப் பணம் சும்மா கிடந்தா அது நல்ல முடிவுதான். ஆனா அந்த முடிவை எடுக்கிறவரோட போனஸே அதைப் பொறுத்து இருந்தா, அவர் நமக்காக எடுத்தாரா தனக்காக எடுத்தாரான்னு நம்மால கண்டுபிடிக்க முடியாது.

"அப்போ போனஸுக்குப் பதிலா ஷேராவே கொடுத்துட்டா?" நல்ல கேள்வி. இதுலயும் ரெண்டு வகை இருக்கு. ஐடி கம்பெனி, ஸ்டார்ட்அப்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஈசாப் பத்தி தெரிஞ்சிருக்கும். ஷேர் விலை 500 ரூபாய் இருக்கும்போது, 500 ரூபாய்க்கே பின்னால வாங்கிக்கிற உரிமையை சிஇஓவுக்குக் கொடுக்குறாங்கன்னு வைங்க. விலை 800 ஆனா அவருக்கு 300 லாபம், உங்களுக்கும் 300 லாபம். விலை 300 ஆனா? உங்களுக்கு 200 நஷ்டம். அவருக்கு ஒண்ணும் இல்லை, அந்த உரிமையைப் பயன்படுத்தாம விட்டுடுவார். ஜெயிச்சா பங்கு, தோத்தா தனி. இப்படி ஒரு ஏற்பாடு இருந்தா யாருக்கும் கொஞ்சம் ரிஸ்க் எடுத்துத்தான் பார்ப்போமேன்னு தோணும்.

இந்த ஆப்ஷன் மோகம் பெருசானதுக்குப் பின்னால ஒரு சட்டமும் இருக்கு. 1993-ல அமெரிக்காவுல சிஇஓ சம்பளம் ரொம்ப ஏறுதுன்னு ஒரு வரி விதி கொண்டு வந்தாங்க: உயர் அதிகாரி ஒருத்தருக்கு 10 லட்சம் டாலருக்கு மேல சம்பளம் கொடுத்தா, அந்த அதிகப்படியான தொகையை கம்பெனி செலவாகக் காட்டி வரிச்சலுகை வாங்க முடியாது. ஆனா "செயல்திறனைப் பொறுத்து" கொடுக்கிறதுக்கு விலக்கு. ஆப்ஷன் அந்த விலக்குல வந்துடுச்சு. அப்புறம் என்ன, சம்பளத்தை 10 லட்சத்துக்குப் பக்கத்துல நிறுத்திட்டு மீதியை ஆப்ஷனா அள்ளிக் கொடுத்தாங்க. மொத்தத் தொகை குறையல, ஏறுச்சு. அந்த விலக்கை எடுக்க 2017 வரைக்கும் ஆச்சு. "எவ்வளவு"ங்கிறதுக்கு மட்டும் உச்சவரம்பு போட்டா என்ன நடக்கும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

வெல்ஸ் ஃபார்கோ: 8 கணக்கு கதை

இந்த விஷயத்துல ஒரே ஒரு கேஸ் மட்டும் படிக்கணும்னா நான் சொல்றது அமெரிக்காவோட வெல்ஸ் ஃபார்கோ பேங்க்.

இந்த பேங்க்கோட பெருமையே "கிராஸ் செல்லிங்". சேவிங்ஸ் அக்கவுன்ட் வச்சிருக்கிறவருக்கு கிரெடிட் கார்டு, அவருக்கே லோன், அவருக்கே இன்சூரன்ஸ்னு அடுக்கிக்கிட்டே போறது. ஒரு வாடிக்கையாளருக்கு 8 ப்ராடக்ட்ங்கிறது இலக்கு. காலாண்டு முடிவுகள்ல சராசரி எண்ணிக்கையைப் பெருமையா காட்டுவாங்க, ஷேர் விலை ஏறும், மேல இருக்கிறவங்களோட போனஸுக்கும் அந்த எண்ணிக்கை ஒரு காரணமா எழுதப்படும்.

கீழ பிராஞ்ச்ல என்ன நடந்துச்சு? டார்கெட் முடியாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாம அவங்க பேர்ல கணக்கு தொடங்க ஆரம்பிச்சாங்க. மாசக் கடைசி டார்கெட்னா என்னன்னு நம்ம ஊர்ல பேங்க் சேல்ஸ்ல இருக்கிற எந்தப் பையனும் சொல்லுவான். 2016 செப்டம்பர்ல விஷயம் வெளிய வந்து 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்துச்சு. அதுக்குள்ள சுமார் 5,300 ஊழியர்கள் வேலையை இழந்திருந்தாங்க. முதல்ல 20 லட்சம் கணக்குகள்னு சொன்னாங்க, மறுவருஷம் விரிவா தோண்டினப்போ 35 லட்சம் வரைக்கும் இருக்கலாம்னு வந்துச்சு.

சம்பளக் கதையில முக்கியமான இடம் இதுக்கு அப்புறம்தான் வருது. அந்தப் பிரிவோட தலைவி கேரி டோல்ஸ்டெட், விஷயம் வெடிக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் ஓய்வு பெறப் போறதா அறிவிச்சிருந்தாங்க. போர்டு என்ன பண்ணுச்சு? சிஇஓ ஜான் ஸ்டம்ஃபுக்கு ஏற்கெனவே ஒதுக்கி, இன்னும் அவர் கைக்குப் போகாம இருந்த 4.1 கோடி டாலர் ஷேரை ரத்து பண்ணுச்சு. டோல்ஸ்டெட்டுக்கு 1.9 கோடி டாலர் ரத்து. விசாரணை முடிஞ்சு 2017 ஏப்ரல்ல ஸ்டம்ஃபிடம் இருந்து இன்னும் 2.8 கோடி, டோல்ஸ்டெட்டிடம் இருந்து இன்னும் 4.7 கோடி டாலர்.

முதல் சில வாரத்துலயே போர்டால எடுக்க முடிஞ்சது எதை? இன்னும் வெஸ்ட் ஆகாம, அதாவது இன்னும் முழு உரிமையா அவர் பேருக்கு மாறாம, நிலுவையில இருந்த ஷேரை. ஒவ்வொரு வருஷமும் மார்ச் 31-க்கு முழுசா கேஷா கொடுத்து முடிச்சிருந்தா, போர்டு கையில பிடிக்கிறதுக்கு எதுவும் இருந்திருக்காது.

பங்குதாரர் பக்கம் பாருங்க. 2018-ல அமெரிக்க மத்திய வங்கி, வெல்ஸ் ஃபார்கோவோட மொத்தச் சொத்து இதுக்கு மேல வளரக்கூடாதுன்னு ஒரு வரம்பு போட்டுச்சு. அதை எடுத்தது 2025 ஜூன்ல. 7 வருஷம்! சில காலாண்டுகள் நல்லா காட்டினதுக்கு பேங்க் கொடுத்த விலை அது.

மாத்துறதுக்கு என்ன வழி?

உலகம் பூரா பேசப்படுற யோசனைகள் நிறைய. எனக்குப் பிடிச்சது ரொம்ப எளிமையானது. சிக்கலான இலக்குகளைக் குறைச்சுட்டு, சாதாரண ஷேராக் கொடு; அதை நீண்ட காலம் விற்க முடியாம பூட்டி வை; வேலையை விட்டுப் போனாலும் பூட்டு திறக்கக் கூடாது.

நார்வே நாட்டோட எண்ணெய்ப் பணத்தை நிர்வகிக்கிற பெரிய ஃபண்டு 2017-ல இதைத்தான் தன்னோட நிலைப்பாடா வெளியிட்டுச்சு: சிஇஓவோட வருஷ ஊதியத்துல கணிசமான பங்கு ஷேராக இருக்கணும், அது குறைஞ்சது 5 வருஷம், முடிஞ்சா 10 வருஷம் பூட்டியிருக்கணும், ராஜினாமா பண்ணாலும் ரிட்டயர் ஆனாலும் சரி. பிரிட்டன்ல 2018-ல திருத்தின நிர்வாக நெறிமுறையும், வெஸ்ட் ஆகுற காலமும் கையில வச்சிருக்க வேண்டிய காலமும் சேர்த்து 5 வருஷமாவது இருக்கணும்னு சொல்லுது.

வேலையை விட்ட பிறகும் பூட்டு ஏன்? 2 வருஷத்துல போகப்போறவருக்கு, தனக்குப் பின்னால யாரை வளர்த்து விடணும்ங்கிறதுல அக்கறை வரணும்னா, தான் போனதுக்கு அப்புறம் வர்ற ஷேர் விலையும் அவரைப் பாதிக்கணும். வீட்டை விற்கப் போறவர் மொட்டை மாடி ஒழுகலை சுண்ணாம்பு அடிச்சு மறைப்பார். இன்னும் 5 வருஷம் அதே வீட்ல இருக்கப்போறவர் ஒழுங்கா சரி பண்ணுவார்.

வெஸ்டிங் தேதிக்கு உண்மையிலேயே இவ்வளவு சக்தி இருக்கான்னு சந்தேகம் வரலாம். லண்டன் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் அலெக்ஸ் எட்மன்ஸும் அவரோட சக ஆய்வாளர்களும் 2017-ல வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதிச்சுது. சிஇஓவுக்கு நிறைய ஷேர் வெஸ்ட் ஆகுற காலகட்டத்துல கம்பெனியோட முதலீட்டு வளர்ச்சி குறையுதுன்னு கண்டாங்க. வெஸ்டிங் தேதி பல வருஷம் முன்னாடியே குறிச்ச தேதி, இன்னைக்கு இருக்கிற பிசினஸ் நிலவரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அதனாலதான் இந்த ஆய்வுக்கு மதிப்பு.

ஆனா நீளமான பூட்டு இருந்தா முடிவு எல்லாம் சரியா வந்துடும்னு நினைச்சுடாதீங்க. எக்ஸான்மொபில் ரொம்ப காலமாவே உயர் அதிகாரிகளுக்குக் கொடுக்கிற ஷேர்ல பாதியை 5 வருஷத்துக்கும் மீதியை அதைவிட நீண்ட காலத்துக்கும் பூட்டி வைக்கிற கம்பெனி. அதே கம்பெனிதான் எக்ஸ்டிஓங்கிற எரிவாயு கம்பெனியை 2010-ல பெரிய விலை கொடுத்து வாங்கி, 2020 கடைசியில எரிவாயு சொத்துகளோட மதிப்பை கிட்டத்தட்ட 2,000 கோடி டாலர் குறைச்சு எழுதுச்சு. பூட்டு ஆளோட நோக்கத்தைத்தான் சரி பண்ணும். கணிப்பு தப்புறதை எந்தப் பூட்டும் தடுக்காது. இன்னொரு செலவும் இருக்கு: 10 வருஷம் கழிச்சு கிடைக்கிற 1 கோடியை யாரும் இன்னைக்கு 1 கோடியா மதிக்க மாட்டாங்க. அதை ஈடுகட்ட போர்டு தொகையை ஏத்தும். அதனால "காலத்தை நீட்டு"ங்கிற சீர்திருத்தத்துல தலைப்புச் செய்தித் தொகை குறையாது, கூடவும் செய்யலாம். எனக்கு அது பரவாயில்லைன்னுதான் தோணுது. உங்களுக்கு வேற கருத்து இருக்கலாம்.

நம்ம ஊர்ல: பேங்க்குக்கு ஒரு விதி, மத்தவங்களுக்கு ஒரு விதி

2013 கம்பெனிகள் சட்டம் முக்கியமா அளவைப் பத்திதான் பேசுது. எல்லா டைரக்டர்களுக்கும் சேர்த்து நிகர லாபத்துல 11 சதவீதம், ஒரே ஒரு எம்டி இருந்தா அவருக்கு 5 சதவீதம். அதுக்கு மேல போகணும்னா பங்குதாரர்களோட சிறப்புத் தீர்மானம் வேணும். ஈசாப்பைப் பொறுத்தவரை செபி விதிப்படி கொடுத்ததுக்கும் வெஸ்ட் ஆகுறதுக்கும் நடுவுல குறைஞ்சது 1 வருஷம் இருந்தா போதும். ஷேரா மாத்தின பிறகு எத்தனை நாள் விற்கக் கூடாதுங்கிறது கம்பெனியோட விருப்பம். பிரிட்டன்ல 5 வருஷம், இங்க 1 வருஷம். இந்த இடைவெளியைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க.

பேங்க் விஷயத்துல மட்டும் ஆர்பிஐ ரொம்ப கறாரா இருக்கு. 2019 நவம்பர்ல தனியார் பேங்க்குகளுக்கும் வெளிநாட்டு பேங்க்குகளுக்கும் புது வழிகாட்டுதல் வந்துச்சு, 2020 ஏப்ரல்ல இருந்து அமல். எனக்குத் தெரிஞ்சு "எப்போ"ங்கிற கேள்வியை இவ்வளவு தெளிவா எழுதின இந்திய விதி இதுதான். கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு தனியார் பேங்க் சிஇஓவுக்கு நிலையான சம்பளம் 2 கோடின்னு வைங்க. செயல்திறனைப் பொறுத்து மாறுற பகுதி 3 கோடி, அதாவது நிலையான சம்பளத்துல 150 சதவீதம். விதிப்படி மொத்த ஊதியத்துல பாதியாவது மாறுற பகுதியா இருக்கணும், அது நிலையான சம்பளத்தைப் போல 3 மடங்கைத் தாண்டக் கூடாது. சரி, ரெண்டும் பொருந்துது. அடுத்து, 200 சதவீதம் வரைக்கும் இருந்தா மாறுற பகுதியில பாதியாவது பணமா இல்லாம ஷேர் சார்ந்ததா இருக்கணும். ஆக 1.5 கோடி ஷேர் வடிவத்துல. அடுத்து, மாறுற பகுதியில 60 சதவீதமாவது தள்ளிவைக்கணும், 3 கோடியில 1.8 கோடி. குறைஞ்சது 3 வருஷம். முதல் தவணை 1 வருஷத்துக்கு முன்னாடி கொடுக்கக் கூடாது, சம தவணையைவிட வேகமாவும் கொடுக்கக் கூடாது. அப்போ வருஷத்துக்கு 60 லட்சம். இந்த வருஷ போனஸ்ல உடனே கைக்கு வர்றது அதிகபட்சம் 1.2 கோடிதான்.

இதோட ரெண்டு ஆயுதமும் உண்டு. மாலஸ்னா ஒதுக்கினதை, இன்னும் கொடுக்காததை நிறுத்துறது. கிளாபேக்னா கொடுத்து முடிச்சதைத் திரும்ப வாங்குறது. இதுல ஒரு அழகான விவரம் இருக்கு: பேங்க் காட்டின வாராக்கடனுக்கும் ஆர்பிஐ ஆய்வுல கண்டுபிடிச்ச வாராக்கடனுக்கும் உள்ள வித்தியாசம், வெளியில சொல்லியே ஆகணும்ங்கிற வரம்பைத் தாண்டிட்டா, அந்த வருஷத்துக்கான வெஸ்ட் ஆகாத பகுதியைக் கொடுக்கக் கூடாது. வாராக்கடன்ங்கிறதே கடன் கொடுத்து சில வருஷம் கழிச்சுத்தான் தலைகாட்டும். அதனால போனஸும் சில வருஷம் காத்திருக்கணும்னு பேங்க்ல கேட்கிறதுல நியாயம் இருக்கு. அரசு பேங்க்குகளுக்கு இந்த விதி பொருந்தாது, அங்க தலைவர்கள் சம்பளத்தை அரசுதான் தீர்மானிக்குது. அங்க பிரச்சினை வேற மாதிரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

கிளாபேக்கை நம்பி மட்டும் இருக்க முடியுமா? ஐசிஐசிஐ பேங்க் விஷயத்தைப் பாருங்க. முன்னாள் சிஇஓ சந்தா கோச்சர் 2018 அக்டோபர்ல விலகினாங்க. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா விசாரணை அறிக்கை வந்த பிறகு, 2019 ஜனவரியில போர்டு அந்த விலகலை "காரணத்தோடு கூடிய பணிநீக்கமா" கருதுறதா அறிவிச்சுது. கொடுக்காத தொகைகள், ஆப்ஷன்கள் ரத்து. 2009 ஏப்ரல்ல இருந்து 2018 மார்ச் வரைக்கும் கொடுத்த போனஸ் எல்லாத்தையும் திரும்பக் கேட்டுச்சு. அவங்க இதை ஏத்துக்கல, கோர்ட்டுக்குப் போனாங்க. பேங்க்கும் பணத்தைத் திரும்ப வாங்க 2020-ல வழக்கு போட்டுச்சு. யார் பக்கம் நியாயம்ங்கிறதை கோர்ட் பார்த்துக்கட்டும். நாம கவனிக்க வேண்டியது நடைமுறையை: நிறுத்தி வச்சதை ரத்து பண்ண போர்டு மீட்டிங் ஒண்ணு போதும், கொடுத்ததைத் திரும்ப வாங்க வருஷக்கணக்கா வக்கீல் வேணும். வீட்டு ஓனர் அட்வான்ஸை எதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுக்கிறார்னு வாடகை வீட்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

ப்ரொமோட்டர் கம்பெனின்னா வேற கணக்கு

அமெரிக்கப் புத்தகங்களைப் படிச்சுட்டு அப்படியே இங்க பொருத்தினா ஒரு இடத்துல சறுக்கும். நம்ம நாட்டுல நிறைய கம்பெனிகள்ல எம்டியே ப்ரொமோட்டர் குடும்பம். அவங்க ஷேர் தலைமுறை தலைமுறையா பூட்டின மாதிரிதான் இருக்கு. நீண்ட காலப் பார்வை அவங்களுக்கு இயல்பாவே உண்டு. அங்க கேள்வி, டிவிடெண்டும் வாங்கிட்டு சம்பளமும் எவ்வளவு எடுக்குறாங்கங்கிறது. அதனாலதான் செபி 2019 ஏப்ரல்ல இருந்து, ப்ரொமோட்டர் டைரக்டர் ஒருத்தரோட சம்பளம் 5 கோடி ரூபாய் அல்லது நிகர லாபத்துல 2.5 சதவீதம், இதுல எது அதிகமோ அதைத் தாண்டினா சிறப்புத் தீர்மானம் வேணும்னு சொல்லுது. சிறப்புத் தீர்மானம்னா பதிவாகிற ஓட்டுல 75 சதவீதம் ஆதரவு.

இது ஏட்டுச்சுரைக்காய்னு நினைக்காதீங்க. நம்ம சென்னை புல்லட்டையே எடுத்துக்கோங்க. ராயல் என்ஃபீல்டோட தாய் நிறுவனம் ஐஷர் மோட்டார்ஸ், 2021 ஆகஸ்ட் பொதுக்கூட்டத்துல சித்தார்த்தா லாலை மறுபடி எம்டியா நியமிக்கிறதையும் அவரோட சம்பளத்தையும் ஒரே தீர்மானமா வச்சுது. கிடைச்ச ஆதரவு சுமார் 73 சதவீதம். தீர்மானம் தோத்துடுச்சு! புல்லட்டை மறுபடி தூக்கி நிறுத்தினவர்னு பேர் வாங்கினவருக்கே இந்த நிலைமை. எதிர்த்தவங்கள்ல பெரும்பாலானவங்க நிறுவன முதலீட்டாளர்கள். போர்டு என்ன பண்ணுச்சுன்னா, நியமனத்தையும் சம்பளத்தையும் தனித்தனியா பிரிச்சு, சம்பள உச்சவரம்பை லாபத்துல 3 சதவீதத்துல இருந்து 1.5 சதவீதமா குறைச்சு, தபால் ஓட்டுக்கு விட்டு ஜெயிச்சுது.

இதுலயும் சண்டை "எவ்வளவு"ங்கிறதுக்குத்தான் நடந்துச்சுங்கிறதை கவனிங்க. சம்பளம் வாங்குற ப்ரொஃபெஷனல் சிஇஓ இருக்கிற கம்பெனிகள்ல, "ஈசாப் 1 வருஷத்துல வெஸ்ட் ஆகுதே, ஏன் 4 வருஷம் ஆக்கக் கூடாது?"ன்னு ஃபண்டுகள் இதே வேகத்தோட கேட்டா நல்லா இருக்கும்.

ஆண்டறிக்கையில எங்க பார்க்கணும்?

உங்க ஃபண்டோட டாப் 10 பங்குகள்ல ஒண்ணை எடுங்க. கம்பெனி வெப்சைட்ல ஆண்டறிக்கை பிடிஎஃப் இருக்கும். 300 பக்கத்தையும் படிக்க வேணாம், தேடல் பெட்டியில 'ரெமுனரேஷன்'னு போடுங்க.

கார்ப்பரேட் கவர்னன்ஸ் அறிக்கையில சம்பளம், கமிஷன், ஸ்டாக் ஆப்ஷன்னு பிரிச்சு ஒரு அட்டவணை இருக்கும். முதல்ல ஷேர் பகுதி எவ்வளவுன்னு பாருங்க. அப்புறம் ஈசாப் திட்டத்தோட விவரத்துல வெஸ்டிங் காலமும், எந்த விலைக்குக் கொடுத்தாங்கங்கிறதும் இருக்கும். கமிஷன் மட்டும் பெருசா இருந்து, அது அந்த வருஷ லாபத்துல ஒரு சதவீதம்னு மட்டும் எழுதியிருந்தா, அவர் ஓடுறது 1 வருஷ ரேஸ்னு புரிஞ்சுக்கலாம். மாலஸ், கிளாபேக் வார்த்தை எங்கயாவது வருதான்னும் தேடிப் பாருங்க. பேங்க் தவிர மத்த கம்பெனிகள்ல அது இருந்தா போர்டு கொஞ்சம் யோசிச்சிருக்குன்னு அர்த்தம்.

போர்டு அறிக்கையோட இணைப்புல, ஒவ்வொரு டைரக்டரோட சம்பளமும் ஊழியர்களோட மீடியன் சம்பளத்தைப் போல எத்தனை மடங்குன்னு போட்டிருக்கணும், சட்டம். பக்கத்துலயே மீடியன் சம்பளம் இந்த வருஷம் எத்தனை சதவீதம் ஏறுச்சுன்னும் இருக்கும். இன்டர்வியூவுக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஒரு வரியைப் படிச்சுட்டுப் போனா சம்பளப் பேச்சுல உபயோகப்படும், இது எக்ஸ்ட்ரா டிப்.

உங்க மியூச்சுவல் ஃபண்டு கம்பெனியையும் விட்டுடாதீங்க. 2022 ஏப்ரல்ல இருந்து, தன் கையில இருக்கிற பங்குகளோட எல்லாத் தீர்மானத்துலயும் ஃபண்டுகள் ஓட்டு போட்டே ஆகணும்னு செபி சொல்லியிருக்கு. ஆதரவா, எதிர்ப்பா, என்ன காரணம்னு அவங்க வெப்சைட்ல போடணும். சம்பளத் தீர்மானம் எல்லாத்துக்கும் கண்ணை மூடிட்டு "ஆதரவு" போட்டிருந்தா, காரணம்ங்கிற கட்டத்துல என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க. சில சமயம் ஒரே வரி நூறு தடவை காப்பி பேஸ்ட் ஆகியிருக்கும்.

ஃபண்டு மேனேஜருக்கே இந்த மருந்தை செபி கொடுத்திருக்குங்கிறது பலருக்குத் தெரியாது. 2021 அக்டோபர்ல இருந்து, ஏஎம்சியோட முக்கிய ஊழியர்கள் தங்களோட சம்பளத்துல, வரி போக, குறைஞ்சது 20 சதவீதத்தை தாங்கள் நிர்வகிக்கிற ஃபண்டோட யூனிட்டாவே வாங்கணும், 3 வருஷம் எடுக்க முடியாதுன்னு விதி வந்துச்சு. 2025-ல இதைத் தளர்த்தி, சம்பள அளவைப் பொறுத்து சதவீதம் மாறுற மாதிரி பண்ணிட்டாங்க. இருந்தாலும் உங்க எஸ்ஐபி போற அதே ஃபண்டுல அதோட மேனேஜர் பணமும் பூட்டி இருக்கு.

உங்க கம்பெனி லிஸ்டட் கம்பெனியா இருந்தா, அதோட மீடியன் மடங்கும் ஈசாப் வெஸ்டிங் காலமும் என்னன்னு பார்த்துட்டு கமெண்ட்ல போடுங்க. கம்பெனி பேர் வேணாம், எந்தத் துறைன்னு மட்டும் சொன்னா போதும். நிறைய பதில் வந்தா துறைவாரியா தொகுத்து அடுத்த வீடியோல காட்டுறேன்.